ஊதிக் கொடுத்த காற்று

மூடுபனி இறங்கத் தொடங்கிய ஒரு பிற்பகலில், இடுப்பில் செருகிய ஸ்பேனரும் தோளில் ஒரு சாக்குமாகச் செல்லசாமி மயானத்து வளைவில் வந்து நின்றான். யாராவது பார்த்துக் கேட்டால் புல் அறுக்க வந்தேன் என்று சொல்வதாக இருந்தான். ஸ்பேனரால் எவன் புல் அறுப்பான் என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வதென்று அவன் யோசிக்கவில்லை. நல்லவேளை, அந்தப் பக்கம் யாரும் வரவில்லை.

அக்கரப்பத்தனை ரோட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் பாதை பிரிகிற இடத்தில், மஃறூப் நானாவின் தேத்தண்ணிக் கடையை ஒட்டித் தகரம் சாய்த்த ஒரு மூலை. ஒரு பேசின் தண்ணீர், ஒரு பம்பு, டயர் கழற்றும் இரும்புகள், ஆணியால் குத்திச் சொரசொரப்பாக்கிய ஒரு தகரத் துண்டு. இதுதான் செல்லசாமியின் சைக்கிள் கடை. மலைநாட்டுச் சைக்கிள் பாதி வழி மனிதனைச் சுமக்கும், மீதி வழி மனிதன் அதைச் சுமக்கவேண்டும். ஆனாலும் அந்தக் கல்லு ரோட்டில் பஞ்சருக்குப் பஞ்சமே கிடையாது. பஞ்சமெல்லாம் ஒட்டுப்போடுகிற ரப்பருக்குத்தான். வெளிநாட்டுச் சாமானுக்கு அரசாங்கம் கதவைச் சாத்தியிருந்த காலம். களுத்துறைப் பக்கம் மரத்துக்கு மரம் ரப்பர் பால் வடிந்துகொண்டிருக்க, இங்கே ஒரு விரற்கடை ரப்பருக்கு அவன் நாயாய் அலைந்துகொண்டிருந்தான்.

மற்றவர்களுக்காக என்றால் இவ்வளவு அலைந்திருக்கமாட்டான். மருமகன் அழகனுக்காக அலைந்தான்.

பூரணி அவனுக்கு ஒரே பிள்ளை. அவளைப் பெற்றுப் போட்டதோடு பெண்சாதி கண்ணை மூடிவிட்டாள். அன்றிலிருந்து சைக்கிள் கடை எண்ணெய்க் கையாலேயே சோறு ஊட்டி, சடை பின்னி, அழகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தான். இப்போது அவள் முழுகாமல் இருந்தாள். அழகனும் மழையிலும் பனியிலும் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு மலை மலையாக ஏறிக்கொண்டிருந்தவன், தோட்டத்துத் தபால்காரனாகியிருந்தான். காலையில் தபால் கந்தோருக்குப் போய்ப் பையை வாங்கிக்கொண்டு, தொரை பகல் தேத்தண்ணி குடிக்குமுன் பங்களாவில் சேர்க்கவேண்டும். பிந்தினால் பழையபடி கத்தியைத் தூக்கவேண்டியதுதான் என்று பெரிய கிளாக்கர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். ஆனால் ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்த சைக்கிளோ, அதன் ட்யூப் இரண்டும் சல்லடை.

அழகனுக்கு முன்னால் தபால்காரனாக இருந்தவன் மாயாண்டி.

மாயாண்டிக்கு இளைப்பு. மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறபோது ஆள் தெரியுமுன் மூச்சு கேட்கும். வால்வு சரியாக மூடாத சக்கரம்போல, ஸ்ஸ்... ஈஈ... என்று மெல்லிய விசில். நெஞ்சில் எந்நேரமும் யூக்கலிப்டஸ் தைலம் தடவியிருப்பான். அந்த வாசம் அவனுக்கு முன்னால் வந்து கடையில் உட்காரும். காற்று அடிக்க நிற்கிறபோது, "எஞ் சைக்கிளுக்குப் போட்ற காத்துல பாதிய எனக்குப் போட்டேன்னா நான் நூறு வருசம் இருப்பேன்டா செல்லசாமி" என்று கேலி பேசுவான். செல்லசாமியும் பம்பு முனையை அவன் வாய்ப்பக்கம் நீட்டிக் காட்டிச் சிரிப்பான்.

போன ஆடி மாத அடைமழையில் மாயாண்டி இந்த வளைவில் செத்துக் கிடந்தான். செத்ததுகூடப் பெரிதில்லை, கிடந்த விதம்தான் பெரிது. முன் சக்கரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, வால்வைக் கழற்றிவிட்டு, அந்தத் துவாரத்தில் வாயை வைத்தபடி கிடந்தான். சக்கரம் தரையோடு தரையாகச் சப்பிப் போயிருந்தது. பஞ்சரான சக்கரத்துக்கு வாயால் ஊதப் பார்த்திருக்கிறான் பாவம் என்று எல்லோரும் சொன்னார்கள். மஃறூப் நானா மட்டும் தலையை ஆட்டினார்.

"ஊதுறதுக்கு அவனுக்கு எங்க மூச்சு இருந்திச்சி? அவன் உறிஞ்சியிருக்கான்."

செத்தவர் கையாண்ட பொருளைப் புதைத்த மேட்டின்மேல் வைத்துவிடுவது அந்தத் தோட்டத்துப் பழக்கம். கொழுந்துக்காரி என்றால் கூடையைக் கவிழ்ப்பார்கள். கவ்வாத்துக்காரன் என்றால் கத்தியை நட்டுவிடுவார்கள். அதை உயிரோடு இருக்கிற எவனும் தொடமாட்டான். மாயாண்டியின் மேட்டில் அவன் சைக்கிளைப் படுக்க வைத்தார்கள். இரும்பு அவனுக்கு இருக்கட்டும், ரப்பர் அவனுக்கு எதற்கு என்று செல்லசாமி கணக்குப் போட்டான். கேட்டால் மாயாண்டியே கழற்றிக் கொடுத்திருப்பான். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தான்.

சைக்கிள் துருவேறிப் புல்லுக்குள் கிடந்தது. சுற்றிலும் யூக்கலிப்டஸ் தைலம் இறக்குகிற டர்பன்டைன் மரங்கள் பனிக்குள் பாதி மறைந்து நின்றன. எங்கோ ஒரு ஓடை ஓடுகிற சத்தம் தவிர ஒன்றுமில்லை. செல்லசாமி குந்தி உட்கார்ந்து முன் சக்கரத்தை விரலால் அழுத்தினான்.

கல் மாதிரி இருந்தது.

கையை எடுத்துக்கொண்டான். அன்றைக்குச் சப்பிக் கிடந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தவன் அவன். அதற்குப் பிறகு இதைத் தொட்டவன் கிடையாது. வெயில் பட்டு ஊதியிருக்கும் என்று நினைத்தான். வெயிலைக் கண்டு வாரக்கணக்காகிறது என்பதும் உடனே நினைவு வந்தது.

வந்தது வந்தாயிற்று என்று வால்வைக் கழற்றினான். உஸ்ஸென்று சீறவேண்டிய காற்று சீறவில்லை. கொஞ்சம் வந்தது. நின்றது. மறுபடி கொஞ்சம் வந்தது. சக்கரம் சப்பிப்போக வெகுநேரம் பிடித்தது. பிறகு டயரை நெம்பி ட்யூபை உருவி எடுத்தான். நல்ல ரப்பர்தானா என்று பார்க்கவேண்டுமே. அவன் பம்பின் தோல் வாஷர் காய்ந்து போன நாளிலிருந்து அவனுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. ஓட்டை தேடுவதற்கு மட்டும் ட்யூபின் வாயில் தன் வாயை வைத்து ஊதுவான். முக்கிப் பார்க்க அந்தக் காற்று போதும். யோசிக்காமல் அதையேதான் இப்போதும் செய்தான்.

அவன் ஊதினான்.

ட்யூப் திருப்பி ஊதியது.

குளிர்ந்த காற்று வாய்க்குள் புகுந்து தொண்டையில் இறங்கி நெஞ்சின் அடிவரை போனது. அதற்கு ருசி இருந்தது. யூக்கலிப்டஸ் தைலத்தின் ருசி. செல்லசாமி ட்யூபை வீசிவிட்டுப் பின்னால் விழுந்தான். வெகுநேரம் அப்படியே கிடந்து, சுற்றி நிற்கிற டர்பன்டைன் மரங்களைப் பார்த்து, இத்தனை மரம் நிற்கிற இடத்தில் தைலம் மணக்காமல் மல்லிகையா மணக்கும் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு எழுந்தான். ட்யூபைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போகிற மேட்டில் ஏறினான். வழக்கமாக அந்த மேட்டில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து இளைப்பாறுகிறவன், அன்று உட்காரவேயில்லை.

அழகனுடைய ட்யூபுகளை அன்று மாலையே வேலை பார்த்தான். வாயால் ஊதிப் பேசினில் முக்கினான். குமிழி வந்த இடத்திலெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டான். தகரத் துண்டால் சுரண்டி, சொலூசன் தடவி, அது காய்கிறவரை புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, மாயாண்டியின் ட்யூபிலிருந்து வெட்டிய துண்டுகளை ஒட்டிச் சுத்தியலால் தட்டினான். வாஷருக்கு எண்ணெய் விட்டுப் பம்பு அடித்தான். ஒட்டு ஒன்றும் அசையவில்லை.

"எங்க மாமா கெடைச்சிச்சி இந்த ரப்பரு?" என்று அழகன் கேட்டான்.

"கண்டியில இருந்து ஒருத்தர் கொணாந்து குடுத்தாரு மாப்ள. நீங்க ஓட்டுங்க."

அதன்பிறகு கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகவே போயிற்று. தபால் பை நேரத்துக்குப் போனது. பூரணி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து அப்பனுக்குச் சோறு கொடுத்துவிட்டுப் போனாள். நடுவில் கொஞ்ச நாள் தொண்டை கட்டியிருந்தபோதும் வேறு இரண்டு மூன்று பேருக்கு மாயாண்டியின் ரப்பரில் ஒட்டுப்போட்டான். லயம் லயமாக, வரிசை வீடுகள்தோறும் ரொட்டி விற்கிற சரிபுதீன், காற்று இறங்குகிறது என்று வந்தான். வாயால் ஊதி முக்கிச் சுற்றிப் பார்த்துச் சரிசெய்து அனுப்பினான். செல்லசாமிக்கோ உடம்பு என்றுமில்லாத சுகம். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினாலும் மூச்சு வாங்கவில்லை. "ஒனக்கு வயசு பின்னால போகுது" என்று மஃறூப் நானா சிரித்தார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் சரிபுதீன் மறுபடி வந்தான். அவன் குரல் பேர்போன குரல். மேல் லயத்தில் நின்று "ரொட்டீ..." என்றால் கீழ் லயத்துப் பிள்ளைகள் ஓடிவரும். அன்று அவன் பேசினது பக்கத்தில் நின்ற செல்லசாமிக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அண்ணே, இந்தச் சக்கரத்த ஒருக்கா பாருங்க."

"காத்து எறங்குதா?"

"எறங்கவே மாட்டேங்குது. நீங்க அடிச்சுவிட்ட நாள்ல இருந்து பம்பு தொடல்ல. வரவரக் கல்லாகிட்டே வருது." அவன் ஹேண்டிலில் சாய்ந்து மூச்சு வாங்கினான். "எனக்குத்தான் எறங்குது."

ஸ்ஸ்... ஈஈ...

செல்லசாமிக்கு அந்தச் சத்தம் தெரியும். சரிபுதீனைக் கடைக்குள் உட்காரச் சொல்லிவிட்டு ட்யூபைக் கழற்றிப் பேசினில் முக்கினான்.

குமிழி வந்தது. ஓட்டையிலிருந்து வருகிற குமிழி விடாமல் வரும். இது கொஞ்சம் வந்தது. நின்றது. நின்ற நேரத்தில் தண்ணீர் ட்யூபைச் சுற்றிக் குழிந்தது. மறுபடி வந்தது. மறுபடி குழிந்தது.

தூங்குகிறவன் மூச்சு விடுகிற மாதிரி.

தண்ணீரின்மேல் தைல வாசம் எழுந்தது.

எந்த இடத்து ஒட்டிலிருந்து வருகிறது என்று தேடிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. ட்யூபை வெளியே இழுத்துப்போட்டு, நாளைக்கு வேறு ட்யூப் பார்த்துத் தருகிறேன், சைக்கிளை விட்டுவிட்டுப் போ என்று சரிபுதீனிடம் சொன்னான். அவன் கேட்கவில்லை. பேக்கரி முதலாளி ஏசுவாரென்று தானே ட்யூபை மாட்டி எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் மயானத்து வளைவில் ரொட்டிகள் மழையில் ஊறிக் கிடந்தன. சரிபுதீன் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக் கிடந்தான். அவன் வாய் வால்வுத் துவாரத்தில் இருந்தது.

செய்தி கடைக்கு வந்ததும் செல்லசாமி துண்டை உதறிப் போட்டுவிட்டு மகள் வீட்டுக்கு ஓடினான். கடைசி லயம். ஓடிக்கொண்டே கும்பிட்டான். எந்தச் சாமி என்றில்லை, வாயில் வந்த சாமியையெல்லாம் கும்பிட்டான்.

அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பிரா வாசலுக்குப் போகுமுன் வாசம் வந்துவிட்டது.

பூரணி புருசன் நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அழகன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டி, கண் பெரிதாகி, ஆளே பாதியாகியிருந்தான். மழையில் நனைந்து வருவதால் சளி என்று டிஸ்பென்சர் மருந்துத் தண்ணி கொடுத்திருந்தார்.

"படுத்தா மூச்சு முட்டுதாம்ப்பா. ராவெல்லாம் ஒக்காந்தே இருக்காரு" என்றாள் பூரணி. "ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாரு."

செல்லசாமி அவளைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பினான். அவள் போனதும் அழகனின் பக்கத்தில் குந்தினான்.

"மாப்ள, எப்ப இருந்து?"

"கொஞ்ச நாளா மாமா. வளைவுக்கு வந்தாத்தான் ரொம்ப முட்டுது. நெஞ்சக் கயிறு போட்டுக் கட்டின மாதிரி." அழகன் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு சொல்றேன், பூரணிக்குச் சொல்லிறாதீங்க. அந்த நேரத்துல வால்வக் கழட்டி வாய வச்சு உறிஞ்சினா சரியாயிருது. வீடு வந்து சேர்ற வரைக்கும் தாங்குது."

செல்லசாமி எழுந்தான். அங்கேயே, இஸ்தோப்புத் திண்ணையில் சாத்தியிருந்த சைக்கிளைக் கவிழ்த்து ட்யூபுகளை உருவினான். கத்தியை எடுத்ததும் அழகன் தவழ்ந்து வந்து கையைப் பிடித்தான்.

"வெட்டாதீங்க மாமா. அது இல்லாட்டி நான் வளைவத் தாண்ட மாட்டேன்."

"அது இருந்தா நீங்களே இருக்கமாட்டீங்க. நான் சொல்றதக் கேளுங்க."

"மாமா, ஒங்கள கும்புட்டுக் கேக்குறேன்."

அவன் வெட்டினான். வெட்டிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெருமூச்சு வந்தது. துண்டுகளையும் கடையில் மிச்சமிருந்த மாயாண்டியின் ரப்பரையும் அள்ளிக்கொண்டு, ஒட்டுப்போட்ட மற்றவர்கள் வீட்டுக்கும் போய்ச் சண்டை பிடித்து அவர்கள் ட்யூபையும் பிடுங்கிக்கொண்டு, வெளிச்சம் போகுமுன் மாயாண்டியின் மேட்டில் கொண்டுபோய்ப் புதைத்தான். சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தான். மண்ணில் விழுந்து, தெரியாமல் எடுத்துவிட்டேன், உன்னுடையதையெல்லாம் உனக்கே தந்துவிட்டேன், என் பிள்ளையை விட்டுவிடு என்று அழுதான். திரும்பி வருகிற வழியில் மானாப்புல்லை அறுத்துக் கட்டிக்கொண்டு வந்தான். ட்யூப் கிடைக்காத காலத்தில் புல்லைப் புரிபோலத் திரித்து டயருக்குள் திணித்து ஓட்டுவார்கள். குலுக்கி எடுக்கும். ஆனால் ஓடும். காற்றே இல்லாத சக்கரத்தில் மாயாண்டி எங்கே வந்து உட்காருவான்?

காலையில் அழகன் புறப்பட்டான். வீட்டில் இருங்க, கத்தியைத் தூக்கினாலும் பரவாயில்லை என்று செல்லசாமி சொல்லித்தான் பார்த்தான். "புள்ள பொறக்கப் போற நேரத்துல வேலைய விடச் சொல்றீங்களா மாமா?" என்று அவன் சிரிக்கப் பார்த்தான். முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஊறினாற்போலக்கூடத் தெரிந்தது. செல்லசாமிக்கு நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் பின்னாளில் அவனுக்கு நெஞ்சு வெடிக்கும்.

பகல் சாய்ந்தது. தபால் பை வரவில்லை.

பனி கடைத்தெருவரை இறங்கியது.

செல்லசாமி வளைவை நோக்கி நடந்தான். பிறகு ஓடினான்.

அழகன் முன் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக் கிடந்தான். வால்வு போகிற வெறும் துவாரத்தில் உதட்டை வைத்துப் பார்த்திருக்கிறான். அதில் ஒன்றும் வராததால் டயரைப் பல்லால் நெம்பியிருக்கிறான். அவன் வாய் நிறைய மானாப்புல்.

அந்தச் சாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பூரணி அழவில்லை. செல்லசாமிதான் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அழகனைப் புதைத்த மேட்டில் சைக்கிளை வைக்க அவன் விடவில்லை. தூக்கிக்கொண்டு போய் ஆற்றுப் பள்ளத்தில் எறிந்தான். காரியம் முடிந்த பிறகு மஃறூப் நானாவின் கடை பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினான். கல்லறை ரப்பரை எடுத்தேன், அதில் ஒட்டுப்போட்டேன், ஒட்டுப்போட்டவனெல்லாம் செத்தான் என்றான்.

மஃறூப் நானா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சரிபுதீனுக்கு நீ ஒட்டுப் போடல்லியே."

"போட்டேன் நானா."

"இல்ல. நான் இங்கதானே நின்னேன். வாயால ஊதினே, முக்கினே, ஓட்ட இல்லைன்னே. வால்வத் துடைச்சிப் போட்டு அனுப்பினே. ஒட்டுப் போட்ட மத்த ஆளுங்க நல்லாத்தானே இருக்காங்க? அந்த நேரம் ஒனக்குத் தொண்டைக் கட்டு. அவங்க ட்யூபுக்கெல்லாம் நான்தான் பம்பு அடிச்சுக் குடுத்தேன்."

செல்லசாமி ஒவ்வொரு நாளாக எண்ணிப் பார்த்தான். அவர் சொன்னது சரி. வாயால் ஊதியது அந்த இரண்டு பேருக்குத்தான். சரிபுதீனுக்கு. அழகனுக்கு.

அவன் எழுந்து தன் மூலைக்குப் போனான். பேசினில் மழைத்தண்ணீர் நிறைந்திருந்தது. குனிந்து தண்ணீருக்குள் முகத்தை வைத்து மெல்ல மூச்சை விட்டான். குமிழி வந்தது. கொஞ்சம் வந்தது. நின்றது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

குமிழி மறுபடி வந்தது.

தலையைத் தூக்கினபோது தண்ணீர் முழுதும் தைலம் மணத்தது. மேட்டில் ஏறினால் இளைக்காத சுகம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு அப்போது தெரிந்தது.

அன்றோடு கடையை மூடினான். எங்காவது கண்காணாமல் போய்விடலாம் என்றால் நிறைமாத மகளை யாரிடம் விடுவது? அவளோடுதான் இருந்தான். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டே இருந்தான். பல் வலி என்றான். அடுப்பை ஊதமாட்டான், விசிறியால் விசிறுவான். அவளுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத்தான் படுப்பான். வீட்டிலிருந்த தைலப் போத்தலைச் சாக்கடைக் கானில் போட்டு உடைத்தான். பூரணி ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு மிச்சமிருந்தது வயிற்றில் இருந்தது மட்டும்தான், அதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஒரு காலையில், பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆட்கள் போன பிறகு, அவளுக்கு வலி கண்டது. மருத்துவச்சி வேலாயி வந்து கதவைச் சாத்தினாள். செல்லசாமி இஸ்தோப்பில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெகுநேரம் பூரணியின் குரல் கேட்டது. பிறகு நின்றது.

குழந்தையின் குரல் கேட்கவில்லை.

"அண்ணே! உள்ள வாங்க!"

வேலாயியின் கையில் குழந்தை நீலமாகத் தொங்கியது. அவள் காலைப் பிடித்துத் தட்டினாள். தண்ணீர் தெளித்தாள். தன் பொக்கை வாயை வைத்து ஊதினாள். ஊதிவிட்டு அவளுக்கே இருமல் வந்தது.

"எனக்கு மூச்சு பத்தல்ல அண்ணே. நீங்க ஊதுங்க. ட்யூபுக்கு ஊதி ஊதிப் பழகின ஆளு. சுருக்கா ஊதுங்க!"

செல்லசாமி துண்டை வாயோடு அழுத்திக்கொண்டு தலையை ஆட்டினான். பின்னால் நகர்ந்தான். முதுகில் கதவு இடித்தது.

"அப்பா..."

பூரணி முழங்கையை ஊன்றி எழுந்திருந்தாள். புருசன் செத்தபோது வராத கண்ணீர் இப்போது வழிந்துகொண்டிருந்தது.

"அவரு போயிட்டாரு. இதுவும் போகணுமாப்பா? ஊதுங்கப்பா."

அவன் மகளைப் பார்த்தான். பிறகு அந்த நீல முகத்தைப் பார்த்தான். அழகனின் மூக்கு அப்படியே இருந்தது. துண்டை அவிழ்த்தான்.

ஊதினான்.

சின்ன நெஞ்சு மேலெழுந்து தாழ்ந்தது. மறுபடி ஊதினான். மூன்றாம் முறை அவன் ஊதவேண்டியிருக்கவில்லை. குழந்தையே இழுத்துக்கொண்டது. அவன் நெஞ்சின் அடியில் குளிர்ந்து கிடந்ததெல்லாம் திரண்டு தொண்டை வழியாக ஏறிப் போனதை உணர்ந்தான். போனதும் தரையில் உட்கார்ந்தான். பழையபடி அவனுக்கு மூச்சு வாங்கியது.

குழந்தை அழவில்லை. நீலம் கலைந்து சிவந்து, கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தது.

ஸ்ஸ்... ஈஈ...

"வந்திருச்சி! மூச்சு வந்திருச்சி!" என்று வேலாயி குழந்தையைத் துடைத்துப் பூரணியின் மார்பில் கிடத்தினாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். "யாரு தைலம் தேச்சா?"

பூரணி எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தாள். செல்லசாமி எழுந்திருக்கப் பார்த்தான். பேசப் பார்த்தான். இரண்டுக்கும் மூச்சு போதவில்லை. குழந்தையை மார்பில் அணைத்து முலைப்பால் கொடுக்கப் பார்த்தாள் பூரணி. அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. உதட்டை வட்டமாகக் குவித்துக்கொண்டு மேலே, மேலே எதையோ தேடியது. அவள் கொஞ்சுவதற்காகக் குனிந்தாள். அந்தச் சின்ன வாய் அவள் வாயைக் கண்டுபிடித்துப் பொருந்திக்கொண்டது.

"பாருங்கப்பா, பொறந்ததும் பொறக்காததுமா முத்தம் குடுக்குது" என்றாள் பூரணி.

சொல்லிவிட்டு லேசாக இருமினாள்.